பால நடிகர் ஜாக்கி கூகன் சரித்திரம்

உலகத்தில் பொருளீட்டுவோர் பலதிறத்தினர். உழுது ஈட்டுவோரும், வாணிகஞ் செய்து ஈட்டுவோரும், கற்ற வித்தையால் ஈட்டுவோரும் எங்குமுளர். ஆயினும் பால்மணம் மாறாப் பருவத்திலேயே தன் முகத்தின் மலர்ச்சியாலும் கண்ணின் நீராலும் இலட்சக்கணக்கான பொருளை ஈட்டித் தன் குடும்பத்தை உயர்த்திய குழந்தையின் சரித்திரம் அபூர்வமானது. அக்குழந்தை வளர்ந்து இருபத்தொரு பிராயம் நிரம்பியபோது, தன் உழைப்பின் பயனில் தனக்கென ஏதும் வைக்கப்படவில்லையெனக் கண்டு, பெற்ற தாயின்மீதே வழக்குத் தொடர நேர்ந்ததென்பது அதனினும் அபூர்வம். அவரே அமெரிக்க தேசத்துப் பிரசித்தி பெற்ற நடிகரான ஜாக்கி கூகன். அவர் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பத்தார்முன் வைக்க நாம் விழைந்தது சினிமாவின்மீதுள்ள பிரியத்தாலன்று. மக்களைப் பெற்றோர் யாவரும் ஊன்றி நோக்கவேண்டிய விஷயமொன்று அதனுள் அடங்கியிருத்தலாலேயாம்.

கூகன் 1914-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 26-ஆம் தேதி கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜனித்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான் லெஸ்லி கூகன். ஜாக்கி என்பது செல்லப் பெயராம். அவர் தகப்பனார் நாடக மேடைகளில் ஆடியும் நடித்தும் ஜீவித்து வந்தவர். தாயார் லில்லியன் என்பாரும் தம் சிறு பிராயத்திலேயே மேடையேறியவர். அக்காலத்து அமெரிக்காவில் வாடவில் என்னும் மேடைக் காட்சிகள் பெருவழக்காயிருந்தன. ஒரே மாலையில் பாட்டு, கூத்து, விகடம், செப்படி வித்தை முதலிய பலவும் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும் காட்சி அது. இத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு மேடையே முற்றமாயிற்று. 1917-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஒரு மௌனப் படத்திலும் அவர் குழந்தையாகத் தோன்றினார்.

1919-ஆம் வருஷத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆர்பியம் என்னும் கொட்டகையில், சிறுவன் ஜாக்கி தன் தந்தையாருடன் மேடைக்கு வந்து ஆடிக் காட்டியதைச் சபையோர் நடுவே வீற்றிருந்த ஒருவர் கண்டார். அவரே உலகெங்கும் புகழ்பெற்ற சார்லி சாப்ளின். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் சாப்ளினுக்குப் பிறந்த தலைமகன் மூன்றே நாளில் இறந்துபோயிருந்தான். புத்திர சோகத்திலிருந்த அக்கலைஞர், நான்கு பிராயத்துப் பாலகனின் சுறுசுறுப்பையும், கண்டதைக் கண்டவாறே செய்துகாட்டும் திறத்தையும் கண்டு வியந்து, முதலில் ஒரு சிறு படத்தில் அவனைத் தோன்றச் செய்தார். பின்னர்த் தாம் எடுக்கக் கருதிய பெரும்படத்தில் தமக்கு அடுத்த ஸ்தானத்தையே அவனுக்கு அளித்தார். அதுவே 1921-ஆம் வருஷத்தில் வெளிவந்த ‘தி கிட்’ என்னும் படமாம்.

அப்படத்தின் கதை எளியது. தாயால் கைவிடப்பட்ட சிசு ஒன்றை நாடோடி ஒருவன் கண்டெடுத்து வளர்க்கிறான். பிள்ளை முன்னே சென்று வீடுகளின் ஜன்னற் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைப்பான். வளர்த்தவன் பின்னே கண்ணாடி சுமந்து சென்று பழுது பார்த்துக் கூலி பெறுவான். இங்ஙனம் இருவரும் பிழைத்து வருகையில், அநாதை விடுதி அதிகாரிகள் வந்து பிள்ளையைப் பறித்து வண்டியிலேற்றுகின்றனர். அவ்வண்டியினின்று இரு கைகளையும் நீட்டிப் பிள்ளை கதறும் காட்சி பார்த்தோர் உள்ளங்களையெல்லாம் உருக்கிற்று. ஒலியற்ற படமாதலால் மொழி தடையாகவில்லை. பல தேசத்தாரும் அழுதனர்.

அக்கண்ணீர் வந்த விதத்தைச் சாப்ளின் தம் சுயசரிதையில் வரைந்துள்ளார். விளையாட்டு மிகுந்த ஜாக்கி அன்று எவ்வாறு முயன்றும் அழவில்லையாம். அப்போது தகப்பனார் மகனைத் தனியே அழைத்து, அழாவிடின் மெய்யாகவே ஏழை விடுதிக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். உடனே பிள்ளை விம்மி விம்மி அழுதான். காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனை வாரியெடுத்து, யாரும் அவனைக் கொண்டுபோகமாட்டார்கள் என்று தேற்றினார். பிள்ளையோ, தந்தை விளையாட்டாகச் சொன்னதைத் தான் அறிந்தேயிருந்ததாக மெல்ல விடையிறுத்தான். இந்நிகழ்ச்சியை நேயர்கள் மனத்திலிருத்துவார்களாக. தந்தை தன்னைக் கைவிடார் என்னும் நம்பிக்கை அப்பிள்ளையின் நெஞ்சில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது.

‘தி கிட்’ வெளிவந்தபின் ஜாக்கியின் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1922-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ கதையில் ஆலிவராக நடித்தார். ஆண்டுதோறும் படங்கள் வெளிவந்தன. மகன் பெயரால் படக் கம்பெனியும் ஏற்பட்டது. அவர் பெயரும் உருவமும் பொறித்த பொம்மைகள், ஊதல்கள், எழுதுதாள்கள், நிலக்கடலை வெண்ணெய் முதலிய பண்டங்கள் கடைகளில் விற்பனையாயின. 1924-ஆம் வருஷத்தில், போரினால் வீடிழந்த ஆர்மீனிய, கிரேக்கச் சிறார்களின் பொருட்டு நன்கொடை திரட்டும் பணியில் ஈடுபட்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யாத்திரை செய்தார். ரோமாபுரியில் போப்பரசர் பதினோராம் பயஸ் அவர்களையும் தரிசித்தார். அநாதைப் பிள்ளையாக நடித்துப் புகழ்பெற்றவன் மெய்யான அநாதைகளுக்கு அன்னம் தேடிச் சென்றது பொருத்தமுடைத்தன்றோ!

நிற்க. இத்துணைப் புகழின் விளைவாக வந்த பொருள் எவ்வளவு? அக்காலத்து மதிப்பில் 30 இலட்சம் முதல் 40 இலட்சம் டாலர் வரையில் அவர் ஈட்டினரெனக் கணக்கிட்டுள்ளனர். அப்பொருளனைத்தும் பெற்றோர் வசமே இருந்தது. வரவு செலவுகளைத் தகப்பனார் கவனித்து வந்தார்; ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பவர் குடும்பத்தின் பண விவகாரங்களில் ஆலோசகராயிருந்தார். தந்தையார் மகனிடத்து மிக்க அன்புடையவர். ஆயினும் மகனுக்கு இன்னது உரியதென்று அவன் பெயரால் அழிக்கவொண்ணாத பத்திரம் எதையும் எழுதிவைத்தாரல்லர். பெற்ற பிள்ளைக்கும் தந்தைக்குமிடையே பத்திரம் எதற்கு என்று கருதினர்போலும்!

பாலப் பருவம் எவருக்கும் நிலையாதன்றோ? நெற்றியில் வெட்டி விடப்பட்ட கிராப்பு மயிரே ஜாக்கியின் அடையாளமாயிருந்தது. பன்னிரண்டு பிராயமானபோது அம்மயிரைக் கத்தரிப்பதையே விளம்பரமாக்கி, 1927-இல் ஒரு படமும் வெளியிட்டனர். அதற்குப் பின் அவரை நாடுவோர் குறைந்தனர். பேசும்படம் தோன்றியபின் 1930-இல் ‘டாம் சாயர்’, 1931-இல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ என்னும் படங்களில் நடித்தார். பின்னர்க் கலாசாலையிற் பயின்றார்.

1935-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி பேரிடி விழுந்தது. வேட்டையாடிவிட்டுத் தந்தையாருடனும் நண்பர்களுடனும் மோட்டார் வண்டியில் திரும்பி வருகையில், ஸான் டீகோ ஜில்லாவின் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது. தந்தையாரும், உற்ற நண்பரும் உடன் நடித்தவருமான ஜூனியர் டர்கின் என்னும் இளைஞரும், மற்றிருவரும் மாண்டனர். உயிர் பிழைத்தவர் ஜாக்கி ஒருவரே. அப்போது அவருக்கு இருபது பிராயம்.

அவ்வருஷம் அக்டோபரில் அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பிற்று. தம் பொருள் தம்மை வந்தடையுமென்று எதிர்பார்த்தார், வரவில்லை. தந்தையார் இறந்தபின் தாயார் மேற்சொன்ன பெர்ன்ஸ்டீனை மணந்துகொண்டார். பொருளிற் பெரும்பகுதி நகைகளாகவும், கம்பளி மேலங்கிகளாகவும், விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளாகவும் கரைந்துபோயிற்று. 1937-இல் ஜாக்கி நடிகை பெட்டி கிரேபிளை விவாகஞ் செய்துகொண்டார். கையில் பொருளின்றி இடர்ப்பட்ட காலத்தில் அவர் சாப்ளினிடம் உதவி நாட, அவர் சிறிதும் தயங்காது 1,000 டாலர் கொடுத்தாரென்பர். 1938-ஆம் வருஷத்தில் வேறு வழியின்றித் தாயார்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடர்ந்தார்.

தாயார் தரப்பில் கூறப்பட்ட சமாதானம் யாதெனில், மகன் நடித்ததெல்லாம் விளையாட்டாகவே நடித்தான், அவனுக்குப் பொருள் தருவதாக எவரும் வாக்களிக்கவில்லை, மைனர்ப் பருவத்துப் பிள்ளையின் ஊதியம் பெற்றோரையே சாரும் என்பதாம். இதனைக் கேட்கும் நம்மவர் அவ்வம்மையாரை இகழக்கூடும். ஆயினும் நடுநிலையில் நின்று நோக்குவோமாயின், அக்காலத்துக் கலிபோர்னியாச் சட்டம் அவர் பக்கமே நின்றதென்பது விளங்கும். கழனியிலும் கடையிலும் பெற்றோருக்குக் கைத்துணையாயிருந்த பிள்ளைகளைக் கருதி ஏற்பட்ட விதி அது. குடும்பம் முழுவதையும் ஒரு குழந்தையே தாங்கும் நிலை வருமென்று அதனை வகுத்தோர் எண்ணியிரார். ஆகவே சட்டமும் மகனைக் கைவிட்டது. எழுத்தும் இல்லாமையால் தந்தையின் அன்பும் சாட்சி சொல்ல வரவில்லை. எஞ்சியிருந்த ஏறத்தாழ 2,50,000 டாலரில், வழக்குச் செலவுகள் போக, அவர் கைக்கு வந்தது 1,26,000 டாலரே. பெட்டி கிரேபிளும் 1939-இல் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார்.

ஆனால் அவ்வழக்கு வீண்போகவில்லை. நாடெங்கும் எழுந்த இரக்கத்தின் பயனாக, கலிபோர்னியாச் சட்டசபையார் 1939-ஆம் வருஷத்தில் பால நடிகர் சட்டத்தை நிறைவேற்றினர். அதனை ஜனங்கள் கூகன் சட்டமென்றே அழைத்தனர். பாலர்களின் ஒப்பந்தத்தை அங்கீகரிக்கும் நியாயஸ்தலம், ஊதியத்தில் ஒரு பகுதியை அவர்கள் பொருட்டு ஒதுக்கிவைக்குமாறு கட்டளையிட அச்சட்டம் இடந்தந்தது. நியாயஸ்தலத்தின் முன் வாராத ஒப்பந்தங்களுக்கு அது பயன்படாமையால், நெடுங்காலம் குறைபாடுடையதாகவே இருந்தது. 2000-ஆம் வருஷ ஆரம்பத்தில் அமலுக்கு வந்த திருத்தமே, பாலரின் ஊதியம் பாலருக்கே சொந்தமென்று வகுத்து, நூற்றுக்குப் பதினைந்து பங்கைப் பிள்ளை பெயரில் தனியே வைக்கவேண்டுமென விதித்தது. தமக்குக் கிட்டாத நீதி தமக்குப்பின் வந்த பிள்ளைகளுக்குத் தம் பெயராலேயே கிட்டச் செய்தவர் கூகன்.

இனி அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவாம். 1941-இல் சேனையிற் சேர்ந்து, கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானத்தைச் செலுத்தப் பயின்றார். 1943-ஆம் வருஷ இறுதியில் அவர் நம் பாரத நாட்டிற்கே அனுப்பப்பட்டார். 1944-ஆம் வருஷம் மார்ச் மாதம் 5-ஆம் தேதி இரவு, ஜெனரல் விங்கேட்டின் சிண்டிட் வீரர்களை ஏற்றிக்கொண்டு பர்மாவுக்குள் பறந்து, ஜப்பானியர் படைக்குப் பின்புறமாக நூறு மைல் தொலைவில், காட்டின் நடுவேயிருந்த திறந்தவெளியில் இருளிலே இறக்கினார். பட்ட மனக்கசப்பால் ஒடுங்கிப்போகாது, உயிரைப் பொருட்படுத்தாமல் கடமை புரிந்த அவருடைய ஆண்மை பாராட்டற்குரியது.

யுத்தம் முடிந்து திரும்பியவருக்குப் பழைய சிங்காதனம் காத்திருக்கவில்லை. அப்போது வீடுதோறும் புகத் தொடங்கிய டெலிவிஷன் என்னும் தொலைக்காட்சியே அவருக்குப் புகலிடமாயிற்று. 1952-இல் ‘கவ்பாய் ஜி-மென்’ என்னும் தொடரில் கதாநாயகர் இருவருள் ஒருவராக நடித்தார். சிறு வேடம், பெரு வேடம் என்னாது வந்ததையெல்லாம் ஏற்று உழைத்தார். 1964 முதல் 1966 வரையில் நடைபெற்ற ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ என்னும் ஹாஸ்யத் தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக வந்து மறுபடியும் வீடுதோறும் அறிமுகமானார். மொட்டைத் தலையும், கறுத்த அங்கியும், வாயில் வைத்தவுடன் எரியும் மின்விளக்குமாக அவர் தோன்றக் கண்டு சிறுவர் கைகொட்டி நகைத்தனர். தலைமயிரழகால் ஒருகாலத்து உலகை மயக்கிய பாலகன் இவரே என்பதை அச்சிறுவருட் பலர் அறியார். 1952-இல் மணந்த மனைவியுடன் இறுதிவரை இல்லறம் நடத்திய அவர், 1984-ஆம் வருஷம் மார்ச் மாதம் 1-ஆம் தேதி, தம் 69-ஆவது பிராயத்தில், இருதய நோயால் காலமானார்.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பேராசையுடைய பெற்றோரைப் பழித்துவிட்டு அமைவது எளிது; அதனால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. அன்புடைய தந்தையும் எழுதிவையாமையாலேயே மகனைக் காக்கத் தவறினாரென்பதே நாம் கருதவேண்டுவது. பிள்ளையின் பொருளை எழுத்தில் வைப்பது அன்பிற் குறைவு என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்பிற்கு இடும் வேலியேயன்றி வேறன்று. நம் தேசத்திலும் 2017-ஆம் வருஷத்து விதிகள், பதினான்கு பிராயத்திற்குட்பட்ட பால நடிகரின் ஊதியத்தில் நூற்றுக்கு இருபது பங்கேனும் அப்பிள்ளை பெயரில் தேசீய பாங்கியில் வைப்பு நிதியாக இடப்படவேண்டுமென்றும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்குமேல் வேலை வாங்கலாகாதென்றும் விதித்துள்ளன.

நம் குடும்பங்களில் நடிக்கும் பிள்ளைகள் சிலரேயாயினும், பாட்டுப் போட்டியில் பரிசு பெறும் பிள்ளையும், உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளையும், பாட்டனார் எழுதிவைத்த காணி நிலத்திற்கு உரிய பிள்ளையும் பலருளர். தந்தையை இழந்து சிற்றப்பன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ வளரும் பிள்ளைகளும் உளர். அவர்தம் பொருளைக் கையாள்வோர் ஒவ்வொருவரும் அதனை அப்பிள்ளைகள் பெயரிலேயே வைத்து, வரவு செலவுக் கணக்கெழுதி, பிராயம் வந்தன்று மகிழ்வோடு ஒப்புவிப்பார்களாக. தந்தை தன்னைக் கைவிடார் என்று நம்பிய ஜாக்கியைப்போலவே நம் வீட்டுச் சிறாரும் நம்மை நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு ஊறு நேராவண்ணம் நடக்க எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக.