நெடுநீர்மையும் ஜான்ஸனும்

பெரியோர் வரலாறுகளைப் படிக்குங்கால், அவர்கள் பிறவியிலேயே ஊக்கம் மிக்கவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நாளை நாளை எனக் கடமையைத் தள்ளிவைக்கும் நம் இயல்பு அவர்கட்கு இருந்ததில்லை என்று கருதி மனந்தளர்கிறோம். ஆங்கில மொழிக்குப் பேரகராதி தந்த சாமுவேல் ஜான்ஸனின் வாழ்க்கை இவ்வெண்ணத்தை மாற்ற வல்லது.

1709-ஆம் ஆண்டில் லிச்பீல்டு நகரத்துப் புத்தக வணிகர் ஒருவருக்கு இவர் மகனாய்த் தோன்றினார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் இவர்தம் கண்ணொளியைக் குறைத்தது. 1728-இல் ஆக்ஸ்போர்டிற் சேர்ந்தவர், வறுமையாற் பட்டம் பெறாமலே வெளியேறினார். தாம் நிறுவிய பள்ளியும் நிலைபெறாமற் போகவே, 1737-இல் தம் மாணாக்கரான காரிக்குடன் இலண்டன் சென்று எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

1746-இல், மூன்றாண்டுகளில் அகராதியை முடித்துத் தருவதாகப் புத்தக வணிகர்களோடு உடன்படிக்கை செய்தார். நூல் வெளிவந்ததோ 1755-இல். பணியின் பரப்பு இதற்கு ஒரு காரணமே. எனினும் நெடுநேரம் படுக்கையிற் கிடத்தலும், நள்ளிரவு கடந்தும் நண்பரோடு உரையாடலும் இவருக்கு வழக்கமாயின. வள்ளுவர் கடிந்த நெடுநீர்மை இவரை விட்டு நீங்கவில்லை. விடியலில் எழுவேன் என்று பன்முறை உறுதி எழுதினார், பன்முறையும் தவறினார்.

1756-இல் ஷேக்ஸ்பியர் நாடகப் பதிப்புக்குக் கையொப்பக்காரரிடம் முன்பணம் பெற்றார். ஆண்டுகள் கழிந்தன, நூல் வரவில்லை. பணம் வாங்கி ஏமாற்றினார் என்று 1762-இல் சர்ச்சில் என்னும் கவிஞர் எள்ளிப் பாடினார். 1765-இலேதான் அப்பதிப்பு வெளியாயிற்று.

இத்தகையவர் இத்துணை நூல்களை இயற்றியது எங்ஙனம்? தம் மனவுறுதியை மட்டும் நம்பாது, குறித்த நாளுக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டமையே காரணம் என்பது நம் கருத்து. அகராதிப் பணிக்கிடையில், 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை, 'ராம்ப்ளர்' என்னும் தாளை வாரம் இருமுறை வெளியிட்டார். 208 இதழ்களுள் மிகச் சிலவே பிறர் எழுதியவை. காலந்தாழ்த்தலைக் கண்டித்த கட்டுரையையே, அச்சகத்துச் சிறுவன் காத்துநிற்க, விரைந்தெழுதிக் கொடுத்தார் என்பர்! 1759-இல் அன்னையார் இறந்தபோது, ஈமச்செலவு முதலியவற்றிற்காக 'ராஸலஸ்' என்னும் கதையை ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் எழுதி முடித்தார்.

இரவு வருவதை நினைவூட்டும் யோவான் சுவிசேஷச் சொற்களைத் தம் கடிகார முகப்பிற் கிரேக்க மொழியிற் பொறித்திருந்தார். அறுபத்தேழாம் வயதில் ஏற்ற புலவர் வரலாற்றுப் பணியை 1781-இல் நிறைவேற்றி, 1784 டிசம்பர் 13-ஆம் நாள் உயிர் நீத்தார்.

தேர்வு அணுகுங்கால் ஏடு தேடும் நாமும், பதிப்பாசிரியராகவும் புலவராகவும் விளங்கக் கனவு காண்கிறோம்; முதல் வரியை மட்டும் எழுதாதிருக்கிறோம். ஜான்ஸன் தம் குறையை முற்றும் வென்றவரல்லர். வெல்லும்வரை காத்திராமல், அக்குறையோடே பணியைத் தொடங்கியவர். ஆசிரியர் ஒருவரிடம் நாள் குறித்துச் சொல்லி, இன்றே ஒரு பக்கம் எழுதுவோமாக.