காலணிக்குப் பொறி தந்த மாட்செலிகர்

வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் நாம் காலில் மாட்டிக்கொள்ளும் பூட்ஸ் எப்படி உருவாயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? நானும் எண்ணியிருக்கமாட்டேன். ஆனால் என் பாட்டனார் தோல் வேலை செய்தவர். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த எண்ணற்ற தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மற்றவர்கள் சுரங்கத்துக்குள் இறங்க, பாட்டனார் மட்டும் பூதிகோட்டையில் தங்கிவிட்டார். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்களில் ஒரு வரி பெறும் அந்த ஊரின் கடைத்தெருவில், கோணியை விரித்து அமர்ந்து, சுரங்கத் தொழிலாளரின் பூட்ஸுகளைத் தைத்தும் பழுது பார்த்தும் வந்தார்.

அவர் வேலை செய்வதைச் சிறு பையனாய்ப் பக்கத்தில் குந்திப் பார்த்திருக்கிறேன். கால் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் மேல்தோலைப் போர்த்துவார். குறட்டால் தோலின் விளிம்பைப் பற்றி இழுப்பார். இழுத்த இழுப்பு தளராமல் கட்டைவிரலால் அழுத்தி, வாயில் கவ்வியிருந்த சிற்றாணிகளில் ஒன்றை எடுத்து அடிப்பார். பக்கவாட்டில் தோல் எளிதில் படியும். விரல் முனையிலும் குதிகாலிலும்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே தோல் மிஞ்சும். மிஞ்சியதைச் சிறு சிறு மடிப்புகளாக்கி, மடிப்பு வெளியே தெரியாமல் அடியில் ஒளிக்க வேண்டும். பின்பு எஞ்சிய விளிம்பைக் கத்தியால் சீவ வேண்டும். இத்தனைக்கும் அவர் பெற்ற கூலி கொஞ்சம்தான்.

சென்ற ஆண்டு விடுதியில் ஒரு நண்பர் பாட்டனாரின் தொழிலைக் கேட்டபோது, அவர் கடை வைத்திருந்தார் என்று சொல்லிவிட்டேன். கோணியும் ஒரு கடைதானே என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் நெடுநாள் நிற்கவில்லை. அது உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் நூலகத்தில் ஜான் எர்ன்ஸ்ட் மாட்செலிகரின் வரலாறு கைக்கு வந்தது.

தென் அமெரிக்காவின் வடகரையில், அந்நாளில் டச்சுக்காரர் ஆண்ட சூரினாம் நாட்டின் பாரமாரிபோ நகரில், 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை டச்சுப் பொறியாளர். தாய் அந்நாட்டுக் கருப்பினப் பெண். அந்த மண்ணில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1863-இல்தான் என்றால், அவருடைய இளமைச் சூழலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறையில் வேலை கற்கத் தொடங்கினார். 1871-இல், பத்தொன்பதாம் வயதில், வணிகக் கப்பலொன்றில் ஏறி ஊரை விட்டார். (அவர் புறப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1873-இல், கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் அதே பாரமாரிபோவில் கரை சேர்ந்தது. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பது நமக்கு மட்டும் வாய்த்த விதியன்று போலும்!)

கடலில் இரண்டாண்டுகள் கழித்துப் பிலடெல்பியாவில் இறங்கினார். 1877-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகருக்குச் சென்றார். ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் இன்று என்ன பெயரோ அதுவே அன்று லின் நகருக்கு. ஊரெல்லாம் பெண்களுக்கான காலணி செய்யும் ஆலைகள். அவற்றில் ஒன்றில், அடித்தோலைத் தைக்கும் பொறியை ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலம் சரியாகப் பேச வராது. நிறமோ கருப்பு. வழிபட விரும்பிச் சென்ற தேவாலயங்கள் சில அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட கதை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டாதது. இறுதியில் ஒரு சபை அவரை ஏற்றது. அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

பகலெல்லாம் ஆலை, மாலையில் ஆங்கிலப் பாடம், இரவில் இயற்பியல் நூல்களும் வரைகருவிகளும். இயற்பியல் முதுகலை படிக்கும் எனக்கு இவ்விடத்தைப் படிக்கும்போது சற்று வெட்கமாகவே இருந்தது.

அந்நாளில் காலணித் தொழிலில் ஏறக்குறைய எல்லாப் பகுதிக்கும் பொறி வந்துவிட்டது. காலணிக்கான மரக்கட்டையைக் கடைய பிளாஞ்சார்டின் கடைசல் பொறி இருந்தது. அடித்தோலைத் தைக்க 1858-இல் பிளேக் என்பவர் வழி கண்டுவிட்டார். ஆனால் என் பாட்டனார் செய்த அந்த வேலை, மேல்தோலைக் கட்டையின் மேல் இழுத்துப் படியவைக்கும் வேலை, கையாலேயே நடந்தது. தேர்ந்த கைவினைஞன் நாளொன்றுக்கு 50 இணைகள் முடிப்பான். மற்றப் பொறிகள் எவ்வளவு விரைந்தாலும் இவ்விடத்தில் வேலை தேங்கி நின்றது. ஆகவே இழுப்புக்காரர்களுக்கு நல்ல கூலி, வலுவான சங்கம். மனித விரலின் நுட்பம் எந்த இரும்புக்கும் வராது என்பது அவர்களுடைய அசையாத நம்பிக்கை.

மாட்செலிகர் அவர்களுடைய விரல்களைக் கூர்ந்து பார்த்தார். பற்றுதல், இழுத்தல், மடித்தல், அழுத்திப் பிடித்தல், ஆணி அடித்தல் என ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பு அமைத்தால் போதுமே என்று கண்டார். வாடகை அறையொன்றில் இரவுதோறும் உழைத்தார். உணவுச் செலவை நாளுக்குச் சில காசுகளாகச் சுருக்கினார். 1880-இல் சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி, ஆணி, மரத்துண்டு இவற்றால் முதல் மாதிரியைக் கட்டினார். அதற்கு ஒருவர் 50 டாலர் தர முன்வந்தார், மறுத்தார். பழைய இரும்புத் துண்டுகளால் மற்றொன்று செய்தார். அதில் விரல்முனைத் தோலை மடிக்கும் உறுப்புக்கு மட்டும் 1,500 டாலர் தருவதாக வந்தார்கள். அதையும் மறுத்தார்! வயிறு நிறைய உண்ணாத ஒருவர் அத்தொகையைத் தள்ளினார் என்பதை நான் இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

ஆயினும் மறுத்துக்கொண்டே இருந்தால் பொறி எழாது. டெல்னோ, நிக்கல்ஸ் என்ற இருவர் முதல் போட, மூன்றில் இரண்டு பங்கை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். காப்புரிமைக்கு அனுப்பிய வரைபடங்கள் வாஷிங்டன் அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. இப்படியும் ஒரு பொறி இயங்குமா என்று ஐயுற்று, நேரில் பார்க்க ஓர் ஆளையே லின் நகருக்கு அனுப்பினார்கள். வந்தவர் கண்டு தெளிந்தார். 1883-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் 274,207 என்ற எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகும் இரண்டாண்டு திருத்த வேலை. 1885 மே 29-இல் ஆலையொன்றில் சோதனை நடந்தது. பெண்களுக்கான காலணி 75 இணைகளைப் பொறி பழுதின்றி முடித்தது. பின்னர் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை இழுத்தது. காலணியின் விலை பெரிதும் இறங்கியது. தோல் பூட்ஸ் ஏழை வீட்டுக்கும் வந்தது.

கைவினைஞர் என்ன ஆனார்கள்? இக்கேள்வியை நான் எளிதில் கடந்துபோக முடியாது. என் பாட்டனாரின் கோணியும் கடைகளில் குவிந்த ஆலைச் செருப்புகளால்தான் சுருண்டது. லின் நகரத்து இழுப்புக்காரர்கள் அப்பொறியை வெறுத்தார்கள். மாட்செலிகரின் நிறத்தைப் பழிக்கும் இழிசொல் ஒன்றே பட்டறைப் பேச்சில் அதற்குப் பெயராயிற்று. வெறுப்புக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புகிறேன். அந்தப் பெயருக்கு ஒரு காரணமும் இல்லை.

பொறியால் பெருஞ்செல்வம் குவித்தவர்கள் வேறு. பங்குகளை வாங்கிய முதலாளிகளின் நிறுவனம் வளர்ந்து, 1899-இல் மற்றவற்றோடு இணைந்து, அமெரிக்கக் காலணிப் பொறித் தொழில் முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அதைக் காண மாட்செலிகர் இல்லை. 1886-இல் பிடித்த சளி காசநோயாக முற்றியது. படுத்த படுக்கையிலும் ஓவியம் தீட்டினார். பொறிக்குத் திருத்தங்கள் எண்ணினார். 1889 ஆகஸ்டு 24-ஆம் நாள், முப்பத்தேழு வயது நிறையுமுன், மணமாகாமலே மறைந்தார். தம் பங்குகளில் ஒரு பகுதியைத் தம்மைச் சேர்த்துக்கொண்ட அந்தச் சபைக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய காப்புரிமைகளில் சில இறந்த பின்பே, 1890, 1891 ஆண்டுகளில், வெளிவந்தன. அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 1991-இல்.

சென்ற விடுமுறையில் பங்காரப்பேட்டையில் இரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாக ஆம்பூர் போனேன். அங்கே என் அத்தை காலணி ஆலையொன்றில் விரல்முனை இழுக்கும் பொறியில் வேலை செய்கிறார். ஆணிக்குப் பதில் இன்று சூடான பசை; மற்றபடி அதே பற்றுதல், அதே இழுப்பு, அதே மடிப்பு. இரும்புக் குறடுகள் வளைந்து வந்து தோலைக் கவ்வியபோது பாட்டனாரின் கைகளை அப்படியே கண்டேன். இதை முதலில் செய்தவர் யார் என்று அத்தைக்குச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமலே, அந்த மனிதன் எத்தனை வயது இருந்தான் என்று கேட்டார். சொன்னேன். அடடா, சின்ன வயசாச்சே என்று வருந்தினார். அடுத்த காலணியைப் பொறியில் பொருத்தினார்.

விடுதி நண்பரும் இவ்விதழைப் படிப்பார். அவருக்குச் சொன்ன விடையை இங்கே திருத்திக்கொள்கிறேன். என் பாட்டனாருக்குக் கடை இருந்ததில்லை. பூதிகோட்டைக் கடைத்தெருவில் கோணி விரித்துச் செருப்புத் தைத்தார்.