எண்ணிப் பார்த்த ஆளுநர்

தீவுத்திடலருகே சேணமற்ற குதிரைமேல் வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோவைப் பூவிருந்தவல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் நகருக்குச் செல்லும் நம் மாணவர் பலமுறை கண்டிருப்பர். ரயத்துவாரி முறையோடு அவர் பெயரைச் சேர்த்துப் படித்துமிருப்பர். கல்வி நிலையை ஆராயும் முறைக்கு அவர் இந்நாட்டில் ஒரு முன்னோடி என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எம்.ஃபில். பயின்ற நாளில் வினாப்பட்டியல், கள ஆய்வு, தரவு எனும் சொற்களையெல்லாம் நெட்டுருச் செய்த யானும், அவற்றின் பொருளை மன்றோவின் வரலாற்றைக் கற்ற பின்னரே உணர்ந்தேன்.

1761 மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் மன்றோ. தந்தையார் வணிகர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் நொடித்தது. மகன் கும்பினிப் படையில் சேர்ந்து 1780 சனவரியில் சென்னை வந்திறங்கினார். ஐதர் அலியுடன் நடந்த போரில் களம் கண்டார். 1792 முதல் பாராமகாலிலும், பின்னர்க் கன்னடக் கடற்கரையிலும், கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளிலும் நிலவரிப் பணியாற்றினார். பார்சியும் இந்துஸ்தானியும் கற்று, குடிகளோடு நேரில் உரையாடினார். வயலை அளந்து, விளைவைக் கேட்டறிந்து, அதன் பின்னரே வரி விதிக்கும் பழக்கம் அவரிடம் ஊறியிருந்தது. 1820இல் ஆளுநரானபோது அப்பழக்கமே கல்விப் பக்கம் திரும்பியது.

நிலத்தையும் விளைச்சலையும் அளந்த அரசு, மக்களின் கல்வி நிலையைக் குறித்து எப்பதிவும் வைத்திருக்கவில்லை என்பதைக் கண்ட அவர், 1822 சூன் 25ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரும் தம் எல்லையிலுள்ள பள்ளிகள், உயர்கல்விக் கூடங்கள், பயிலும் ஆண், பெண் தொகை, அவர்தம் சாதி, சமயம் ஆகியவற்றை ஒரே படிவத்தில் நிரப்பியனுப்பல் வேண்டும். கல்வி பயிலும் காலம், கட்டணம், மானியம் பற்றியும் வினவப்பட்டது. உள்ளூர்ப் பள்ளிகளில் தலையிடுவது நோக்கமன்று என்பதும் தெளிவாக்கப்பட்டது. வரி கூட்டவோ எனும் ஐயம் குடிகளிடம் எழுமாயின் உண்மை வெளிவராது என்பதை வரித்துறையில் முதிர்ந்த அவர் அறியாதவரல்லர்.

விடைகள் வந்து சேர மூன்றாண்டுகள் கடந்தன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டமும் அறிக்கை அனுப்பியது. பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் பாடமுறையையே விரித்தெழுதினார். கன்னட மாவட்டக் கலெக்டரோ படிவத்தை நிரப்பாமலேயே விட்டார். 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ தொகுத்துக் கண்ட கணக்கு இது: 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், பயில்வோர் ஏறத்தாழ 1,88,000 பேர். ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளியில் இருந்தனர். மலபாரில் 3,196 முஸ்லிம் சிறுவரோடு 1,122 முஸ்லிம் சிறுமியரும் பள்ளி சென்றனர் என்பது நம் சமுதாயப் பெரியோர் நின்று நோக்க வேண்டிய செய்தி.

இனி, ஆய்வு மாணவர் கூர்ந்து கற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சென்னை நகரில் 26,903 பேர் வீட்டிலேயே கற்கின்றனர் என்று அறிக்கை வந்தது. பள்ளியில் பயில்வோரைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்ட தொகை! தமக்குப் பெருமை சேர்க்கும் எண்ணாயிற்றே என்று மன்றோ அதை அப்படியே ஏற்கவில்லை. பிழையிருக்கலாம் என்று பதிவு செய்தார். முற்றும் தள்ளவுமில்லை. வீட்டுக் கல்வியையும் சேர்த்தால் கற்ற ஆண்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவர் என்று மதிப்பிட்டார். படிவம் கேளாததைப் படிவம் காட்டாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

என் பாட்டியார் பள்ளி வாயிலை மிதித்தவரல்லர். லெப்பையிடம் ஓதியவர், அரபுத்தமிழ் ஏடுகளைத் தடையின்றி வாசிப்பார், எழுத மட்டும் அறியார். வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவரையே எழுத்தறிந்தோர் எனக் கொள்ளும் மக்கள்தொகைக் கணக்கில் அவர் என்றும் எழுத்தறியாதவரே.

மாவட்டந்தோறும் இந்துக்களுக்கொன்றும் முஸ்லிம்களுக்கொன்றுமாக முதன்மைப் பள்ளிகள், தாசில்தோறும் ஒரு பள்ளி என்று மன்றோ திட்டமிட்டார். அது வேரூன்றுமுன், 1827 சூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தார். 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன.

கணக்கு மட்டும் ஆவணக் கட்டுகளில் உறங்கியது. 1931இல் காந்தியடிகள் இலண்டனில் பழைய கல்வியின் அழிவைப் பேச, பிலிப் ஹார்ட்டாக் சான்று கேட்டு வழக்காட, மன்றோவின் எண்களும் அவ்வழக்கில் இழுக்கப்பட்டன. மாவட்ட அறிக்கைகளைத் தேடித் திரட்டித் தரம்பால் 1983இல் நூலாக்கினார். அவ்வெண்கள் மிகையா, குறைவா என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை.