பீட்டர் வாக்கர்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு முதல் நாள் இரவு நம் சங்கத்து அறையில் நான் செய்த காரியத்தை நண்பர்கள் பலர் அறிவர். இங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் நமக்கு விட்டுச் சென்ற நிலைமின் ஒலிபெருக்கிகள் இரண்டு அங்கே இருந்தன. கூட்டம் பெரிதாக இருக்குமே என்று அவற்றை 100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் மாட்டினேன். நாகசுரம் உச்சத்துக்கு ஏறியதும் ஒரு பெட்டிக்குள் சடசடவென்று பொறி பறந்தது. பிறகு அதில் உயர்ந்த சுரங்களே கேட்கவில்லை. இயற்பியலில் முதுகலை படிப்பவன் செய்த வேலை இது! அந்த வெட்கத்தில்தான் அப்பெட்டிகளைப் படைத்தவரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

பீட்டர் வாக்கர் 1916-ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர். 1936-இல், இருபதை எட்டும் வயதில், லண்டனில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். பொதுக்கூட்டங்களுக்கு வேண்டிய ஒலிக் கருவிகள் செய்வது தொழில். 1941-இல் ஜெர்மானியரின் குண்டுவீச்சு அவருடைய தொழிற்கூடத்தை அழித்தது. எஞ்சியதைத் திரட்டிக்கொண்டு ஹண்டிங்டன் என்னும் சிறு நகருக்குப் போனார். அந்த ஊரே அவருடைய தொழிலுக்கு நிலையான இடமாயிற்று.

போர் முடிந்தபின் அவர் நாட்டம் மேடையை விட்டு வீட்டுக்குத் திரும்பியது. 1953-இல் 'குவாட் 2' என்ற வால்வு ஆம்ப்ளிஃபையர் வெளிவந்தது. அதன் ஆற்றல் 15 வாட்தான். இன்று விடுதி அறைகளில் அலறும் பெட்டிகளுக்கு முன் அது ஒரு கொசு. ஆனால் அந்தக் கொசுவைச் சும்மா நினைத்துவிடக் கூடாது. காரணம் பின்னால் வரும்.

சாதாரண ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு ஒன்று அசைகிறது. கூம்பின் அடியில் மட்டும் விசை தாக்குவதால் அது எல்லாச் சுரத்துக்கும் ஒரே ஒழுங்காக அசைவதில்லை. வாக்கர் கூம்பை நீக்கிவிட்டு, மிக மெல்லிய பிளாஸ்டிக் திரையைத் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே கட்டினார். திரையில் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் நிற்கும். தகடுகளில் இசையின் மின்னழுத்தம் ஏறி இறங்கும். திரை முழுவதும் ஒருசேர இழுக்கப்படும். எண்ணம் புதியதன்று; பலர் முயன்று கைவிட்டதுதான். மின்னூட்டம் திரையில் இங்கும் அங்கும் ஓடாதபடி மின்தடை மிகுந்த பூச்சு இட்டால் விசை ஒழுங்குபடும் என்பதே வெற்றியின் உயிர்நாடி. ஆம்ப்ளிஃபையர் அமைப்பில் முன்பே புகழ் பெற்ற வில்லியம்சன் துணை நின்றார். வாக்கர் 1955-இல் இதன் கணக்கை 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எல்லாரும் அறிய எழுதினார். 1957-இல் ஒலிபெருக்கி விற்பனைக்கு வந்தது. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்காமல் எழுதிவிட்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

ஆனால் இரண்டு தகடும் ஒரு திரையும் சேர்ந்தால் அது மின்தேக்கி அல்லவா? அதிர்வெண் ஏற ஏற அதன் மறிப்பு குறைந்துகொண்டே போகும். தாழ்ந்த சுரத்தில் 30 ஓம் வரை இருப்பது, மிக உயர்ந்த சுரத்தில் 2 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். இத்தகைய சுமையைக் கண்டால் நிலைகுலைந்து தானே ஊசலாடத் தொடங்கும் ஆம்ப்ளிஃபையர்கள் பல உண்டு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வாட் அன்று, நிலைப்பாடு.

அடுத்தது உச்ச மின்னழுத்தம். 1957-ஆம் ஆண்டுப் பெட்டிக்கு எல்லை 33 வோல்ட். தாண்டினால் தகடுகளுக்கிடையே பொறி பறந்து திரை பொத்தலாகும். 8 ஓமில் 100 வாட் தரும் கருவி 40 வோல்ட் உச்சத்தை எட்டும். பள்ளிப் பையனும் போடக்கூடிய கணக்கு, நான் போடவில்லை! 16 ஓமில் 15 வாட் தரும் 'குவாட் 2' 22 வோல்ட்டோடு நின்றுவிடும். கொசு என்றேனே, அது திரையைக் கடிக்காத கொசு.

1967-இல் டிரான்சிஸ்டர்களால் ஆன 'குவாட் 303' வந்தது. 8 ஓமில் 45 வாட், அதாவது 27 வோல்ட். 1975-இல் வந்த 'குவாட் 405' 100 வாட் தந்தது. அதில் சிறிய, தூய ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஒலியின் நேர்மையைக் காக்க, முரட்டு டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தை மட்டும் கொட்டும். இப்புதுமைக்கு 1978-இல் அரசியார் விருது கிடைத்தது. பழைய நிலைமின் பெட்டிகளுடன் சேர்க்கும்போது அதற்கு மின்னழுத்தத் தடுப்பு இட வேண்டும் என்று கம்பெனியே சொல்லிற்று. அதே ஆண்டில் வால்வு, டிரான்சிஸ்டர் என்ற சண்டை முற்றியிருந்தது. தம் மூன்று ஆம்ப்ளிஃபையர்களையும், எது ஒலிக்கிறது என்று சொல்லாமல், தேர்ந்த செவியினர் முன் வைக்க ஏற்பாடாயிற்று. அவர்களால் வேறுபாடு காண முடியவில்லை. புதியதை விற்க வேண்டிய முதலாளி, பழையதும் அதுவும் ஒன்றே என்று தெரிந்தும் அதை மறைக்கவில்லை.

1963-இல் தொடங்கிய அடுத்த ஒலிபெருக்கியை 1981-இல்தான் கடைக்கு விட்டார். பதினெட்டு ஆண்டுகள்! வட்ட வட்டமான தகடுகளுக்குச் சிறிது சிறிதாகக் காலந்தாழ்த்தி இசையை அனுப்பி, திரைக்குப் பின்னே ஒரு புள்ளியிலிருந்து ஒலி வருவதுபோல் தோன்றச் செய்தார். 2003-இல் அவர் காலமானபோது நான் கைக்குழந்தை.

நண்பர்களே, பழுதான திரை புதுப்பிக்கப்பட்டு வந்துவிட்டது. வரும் ஞாயிறன்று செயற்குழு கூடுகிறது. 200 வாட் கருவி வேண்டும் என்பார் சிலர். பழைய 303 ஒன்றைத் தேடிப் பிடித்து, மின்தேக்கிகளை மாற்றி வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. கூட்டம் பெரிதானால் மைதானத்துக்கு வாடகைக் குழாய் இருக்கவே இருக்கிறது. அந்தப் பெரியவர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பெட்டிகள் பாடுகின்றனவா என்று கேட்கிறார். நடந்ததை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.