நகர மருத்துவர் பாட்ரிக் கெடிஸ்

சேலத்தினின்று தருமபுரிக்குச் செல்வோர் தொப்பூர்க் கணவாயைக் கடந்து சிறிது தொலை சென்றதும் நல்லம்பள்ளி என்னும் எம் ஊரைக் காண்பர். வாரச்சந்தைக்கு வரும் ஆட்டு மந்தைகளால் பலரும் அறிந்த இவ்வூர், இந்நாளில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாகிப் பட்டினத்தின் சாயலைப் பெற்று வருகிறது. பெருஞ்சாலை அகலமாகிய காலத்து அதன் இருமருங்கும் நிழல் பரப்பி நின்ற புளியமரங்கள் வீழ்ந்தன. மழை குறைந்த இப்பகுதியில் முன்னோர் அரிதின் முயன்று வெட்டிய ஏரிகளுட் சில, வரத்துக் கால்கள் தூர்ந்து மேடிட்டுக் கிடக்கின்றன. ஓர் ஊர் வளர்வதற்கு மரமும் குளமும் பழைய தெருவும் அழிந்தே தீரவேண்டுமோ என்னும் வினா, விடுமுறைக்கு ஊர் செல்லுந்தோறும் என்னுள்ளத்தில் எழுவதுண்டு. நூறாண்டுகட்கு முன்னரே இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டு, தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து விடை தேடிய அறிஞர் ஒருவர் உளர். அவர் பாட்ரிக் கெடிஸ். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பேன்.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டிலே பாலட்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு படைவீரர். பெர்த் நகரத்தை அடுத்த குன்றின்மேல் அமைந்த சிறு வீட்டிலே, தந்தையார் பேணிய தோட்டத்தினிடையே இளமைப் பருவம் கழிந்தது. அக்குன்றினின்று நோக்கின் ஆறும் வயலும் நகரமும் ஒருங்கே தோன்றும். நகரத்தை அதனைச் சூழ்ந்த நிலத்தினின்று பிரித்துக் காணாத பார்வை அவர்க்கு அங்கேதான் வாய்த்தது என்று கொள்வதில் தவறில்லை.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாவரநூல் கற்கச் சேர்ந்தவர், ஒரு வாரத்திற்குள் அதனை விட்டு நீங்கி, இலண்டன் மாநகர் சென்று ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். தேர்வுகளில் அவர்க்கு நம்பிக்கை கிடையாது. பட்டம் ஒன்றும் பெறாமலே பின்னாளிற் பேராசிரியரும் ஆயினார். மாணவ நண்பர்கள் இப்பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடலாகாது!

1879-இல் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்ஸிகோ நாட்டிற்குச் சென்ற இடத்தில் அவர்க்குக் கண்ணொளி மங்கிற்று. வாரக்கணக்கில் இருட்டறையிலே அடைந்து கிடக்க நேர்ந்தது. நுண்பொருள் காட்டியொடு பழகிய இளைஞர்க்கு இதனினும் பெரிய இடி வேறுண்டோ? சாளரத்தின் கட்டங்களைக் கையால் தடவிக்கொண்டிருக்கையில், எண்ணங்களையும் அவ்வாறே கட்டங்களாக வகுத்து, ஒன்றோடொன்றை இயைத்து நோக்கலாம் என்னும் கருத்து அவர்க்குத் தோன்றியது. தாளை மடித்து மடித்துச் சிந்திக்கும் வழக்கம் அன்று பிறந்தது, இறுதிவரை விடவில்லை. பார்வை மீண்டதாயினும், நுண்பொருள் காட்டியின்முன் நெடுநேரம் அமரும் ஆற்றல் மீளவில்லை. செடியின் உயிரணுவை ஆராயவேண்டியவர், மக்கள் கூடி வாழும் ஊரை ஆராயத் தலைப்பட்டார்.

1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையாரை மணந்தார். மணமக்கள் நல்ல பகுதியிலே வீடு தேடினாரல்லர்; எடின்பரோவின் பழைய நகரில், இடிந்தும் அழுக்கேறியும் கிடந்த ஏழையர் குடியிருப்பாகிய ஜேம்ஸ் கோர்ட்டிலே குடிபுகுந்தனர். தாமே சுவருக்கு வெள்ளையடித்தனர். பாழ்மனைகளைத் துப்புரவாக்கிச் சிறு தோட்டங்கள் ஆக்கினர். அண்டைவீட்டார் முதலில் வியந்தனர். பின்னர்த் தாமும் கைகொடுத்தனர். ஓர் ஊரைத் திருத்த விரும்புவோன் அவ்வூரில் வாழ்தல் வேண்டும் என்னும் கொள்கையை அவர் நூலிற் கற்றதன்று, இவ்வாறு கற்றது. 1888-இல் டண்டி நகரக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராக அமர்ந்தார். கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தாற் போதும் என்பது ஏற்பாடு; எஞ்சிய திங்களெல்லாம் நகர ஆராய்ச்சிக்கே ஆயின.

சென்னைக் கவர்னராக இருந்த பெண்ட்லந்துப் பிரபு, கெடிஸ் தொகுத்திருந்த நகரவமைப்புக் கண்காட்சியோடு அவரை இங்கு வருமாறு அழைத்தார். 1914-இல் கெடிஸ் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் நிறைந்த பெட்டிகள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன. அவ்வமயம் பெரும்போர் மூண்டிருந்தது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து சென்ற ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டனை அறியாதார் யார்? பொல்லாத சூழ்ச்சிக்காரனை எம்டன் என்று ஏசும் வழக்கு நம் நாட்டில் இன்றும் உளது. அவ் எம்டன் 1914 அக்டோபரிலே கிளான் கிராண்டைக் கடலில் ஆழ்த்திவிட்டது. பல ஆண்டு உழைப்பு நீருக்குள் மறைந்தது. கெடிஸ் சோர்ந்திலர். தாய்நாட்டிலிருந்த நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு, 1915 ஜனவரியிலே சென்னைச் செனெட் மண்டபத்திற் கண்காட்சியை நடத்திக் காட்டினார்.

அதன்பின் மதுரை, தஞ்சை, கோயம்புத்தூர், பல்லாரி முதலிய ஊர்களுக்குச் சென்றார். அக்காலத்து நகரசபைகளின் நோக்கம் யாதெனின், நெருங்கிய குடியிருப்பின் ஊடே கோடிழுத்தாற்போல அகன்ற தெரு ஒன்றை வெட்டுதலே. கோட்டின்மேல் அகப்பட்ட வீடுகள் இடிபடும். வீடிழந்த ஏழையர் எங்கே செல்வர் என்பதற்கு வரைபடத்தில் விடையிராது. அவர் மறைந்துவிடுவதில்லை, முன்னரே நெருங்கிக்கிடந்த அடுத்த சந்தில் இன்னும் நெருங்குவர், அகற்றக் கருதிய நோய் அங்கே இருமடங்காகும். இதனைக் கெடிஸ் அறிக்கைதோறும் எடுத்துக் காட்டினார்.

தஞ்சையிலே அவர் காட்டிய வழி வேறு. சந்து சந்தாகத் தாமே நடந்து, எந்த வீடு உறுதியானது, எது பாழ்பட்டது, எந்தக் கிணறு பயன்படுகிறது, எந்த மரத்தடியிற் பெண்டிர் கூடுவர் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பாழ்பட்ட சில மனைகளை மட்டும் நீக்கினால் ஆங்காங்கே சிறு வெளிகள் கிடைக்கும். அவ்வெளிகளில் மரம் நடலாம். சந்துகளை இங்கும் அங்கும் சிறிது விரித்தாற் காற்று புகும். நல்ல வீடுகள் நிற்கும்; குடிகளும் நிற்பர்; செலவோ பொறியாளர் திட்டத்தினும் மிகக் குறையும். நோயாளியின் உடலைக் காத்து, கெட்ட பகுதியை மட்டும் அகற்றும் இரணவைத்தியர் முறையை ஊருக்கும் பொருத்திய இக்கொள்கைக்கு அவர் இட்ட பெயரும் அவ்வைத்தியத்தைச் சார்ந்ததே.

குளங்களைப் பற்றியும் அவர் கருத்து நினைக்கத்தக்கது. குளிர்காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்பது அந்நாளைச் சுகாதார அதிகாரிகள் பலர்தம் துணிபு. உயிர்நூல் வல்லவராகிய கெடிஸ் அதனை மறுத்தார். மீனும் வாத்தும் வாழும் குளத்தில் கொசுவின் புழு தப்புவது அரிது. ஆதலின் குளத்தைத் தூய்மைசெய்து உயிரோடு வைத்தலே மருந்து என்றார். குளம் கோடையிற் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும்; ஊற்று நீரையும் காக்கும். கோயிலும் தேர்வீதியும் குளமும் தோட்டமும் இயைந்த நம் கோயில் நகரங்களை, சிறப்பாகக் காஞ்சியை, அவர் மனமாரப் போற்றினார். 1920-இல் சென்னை மாகாணத்திற்கென நகரவமைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. ஆயினும் அவருடைய அறிக்கைகளுட் பல அலுவலக அலமாரிகளிலேயே உறங்கின. பழி முழுவதும் அதிகாரிகளுடையதன்று. கெடிஸ் ஒன்று சொல்லத் தொடங்கி ஒன்பதைத் தொடுவார். தாடிக்குள் முணுமுணுக்கும் அவர் பேச்சு அருகிலிருந்தார்க்கும் விளங்காது என்பர்.

1917-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலிலே மூத்த மைந்தர் அலஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டார். அச்செய்தி வந்தபோது அன்னா அம்மையார் இந்நாட்டிலே காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்தார். கணவர் செய்தியை வெளியிடாமல் தம்முள்ளே அடக்கி, நாள்தோறும் மனைவியின் அருகமர்ந்து பணிசெய்தார். மைந்தன் இறந்ததை அறியாமலே சில வாரங்களில் அம்மையாரும் கண்மூடினார்.

அவ்வாண்டின் தீபாவளியன்றுதான் இந்தூர் நகரில் அவருடைய செயல்களுள் பெரும்புகழ் பெற்றது நிகழ்ந்தது. கொள்ளைநோயும் குப்பையும் நிறைந்த அந்நகரிலே புதியவராகிய இவரை மக்கள் ஐயத்தோடு நோக்கினர். வீடிடிக்க வந்த துரை என்று எண்ணினர் போலும். கெடிஸ் அரசரிடம் ஒருநாளைக்கு நகர அதிகாரம் கேட்டுப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளிற் செல்லாது. எந்த வழியில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அவ்வழியே செல்லும் என்று பறைசாற்றுவித்தார். நகரமெங்கும் போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. ஊர்வலத்தில் அழுக்கின் அரக்கனும், கொள்ளைநோய் எலியும் பேருருவங்களாக வந்து இறுதியில் எரியூட்டப்பட்டன. எல்லாவற்றினும் மேலாக, நகரத் தோட்டிகள் வெள்ளாடை உடுத்தி மாலையணிந்து ஊர்வலத்தில் நடந்து வந்தனர். எவரும் அணுகாது ஒதுக்கியவர்க்கு ஊரறிய அன்று மதிப்புச் செய்யப்பட்டது. மனைவியையும் மைந்தனையும் இழந்த ஆண்டிலேயே அவ்விழாவை அமைத்தவர் அவர் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தார். ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வரலாற்றை 1920-இல் நூலாக்கினார். கவி தாகூரும் இவரும் நண்பர்கள்.

1923-இல் நியூயார்க் சென்றபோது, கடிதத்தால் மட்டும் அறிந்திருந்த லூயிஸ் மம்போர்டு என்னும் இளைஞரைச் சந்தித்தார். மம்போர்டும் நண்பர்களும் அவ்வாண்டிலேயே, நகரையும் சுற்றுநிலத்தையும் ஒன்றாகத் திட்டமிட ஒரு சங்கம் கண்டனர். பசுஞ்சோலை சூழ 1937-இல் வாஷிங்டன் அருகே குடியேற்றப்பட்ட கிரீன்பெல்ட் நகரத்திலே இக்கருத்தின் சாயலைக் காணலாம். எனினும் அமெரிக்கப் பெருநகரங்கள் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்ப் பழைய குடியிருப்புக்களை இடித்து நெடுஞ்சாலைகளைப் புகுத்தின. தஞ்சையிற் கெடிஸ் தடுக்க முயன்ற அதே பிழை, ஆயிரமடங்கு பெரிதாக நிகழ்ந்தது. இப்போதுதான் அவை திரும்புகின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலே மழைநீரைப் பெருங்குழாய்களில் அடைப்பதற்கு மாறாக, ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் காத்து அவற்றின் வழியே வடியவிடுகின்றனர். பிலடெல்பியா நகரம் 2011-இல், 25 ஆண்டுத் திட்டமாக, தெருவோரத்து மரக்குழிகளிலும் தோட்டங்களிலும் மழைநீரை நிலத்துள் இறக்கத் தொடங்கியது. ஏரியும் ஊருணியும் வெட்டிய நம்மவர்க்கு இது புதுமையன்று.

உடல்நலம் குன்றிய கெடிஸ் 1924-இல் பிரான்ஸ் நாட்டின் மாம்பெலியே நகரத்திற் குடியேறினார். அங்கே வறண்ட குன்றொன்றை வாங்கித் தோட்டமாக்கி, பல நாட்டு மாணவர்க்கென ஒரு கல்லூரி எழுப்பினார். டெல் அவீவ் நகரத்தின் வரைபடத்தை வகுத்ததும் 1925-ஐ ஒட்டிய இக்காலத்திலேயே. முன்னொருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்று, இலண்டன் சென்று பெற்று மீண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், எழுபத்தேழாம் அகவையில், தாம் கையால் அமைத்த தோட்டத்தினிடையே இருந்த அவ்வீட்டில் உயிர் நீத்தார்.