சிப்பியிலிருந்து தொடங்கும் பாடம்: மரியா மாண்டிசோரி

நம் கடற்கரை ஊர்களில் பள்ளிக்கு வரும் குழந்தையின் பையில் பல நாள்களில் ஒரு சிப்பியோ சோழியோ இருக்கும். முத்து எப்படி உண்டாகிறது என்று அக்குழந்தை கேட்டால், மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்ற பழங்கதையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மை வேறு. தன் உடலுக்குள் புகுந்துவிட்ட அந்நியப் பொருளைச் சுற்றி, ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பளபளப்பான பொருளைச் சிப்பி படலம் படலமாகப் பூசுகிறது. அதுவே முத்து. இதைச் சொல்ல ஆசிரியருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, குழந்தையின் கையிலுள்ள சிப்பியிலிருந்தே பாடத்தைத் தொடங்கவும் பழகியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆசிரியர்களை உருவாக்குவதற்காகவே உழைத்த கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் நம் தமிழகத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தான் மரியா மாண்டிசோரி.

இத்தாலி நாட்டின் கியாரவால்லே என்ற சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பிறந்தவர் மரியா. உரோமைப் பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்கை அறிவியலும், பின்னர் மருத்துவமும் பயின்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் மருத்துவரானார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சித் திருநாளன்று, உரோமையின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் திறந்தார். மருத்துவர் நோயாளியைக் கவனிப்பதுபோல அவர் குழந்தைகளைக் கவனித்தார். குழந்தை கேட்டுக் கற்பதைவிடத் தொட்டும் செய்தும் கற்பதே அதிகம் என்று கண்டார். செடிகளுக்கு நீர் ஊற்றுவதும் சிறு பிராணிகளைப் பேணுவதும் அவருடைய பள்ளியில் பாடங்களாயின. பார்சலோனாவில் அவரது முறையைப் பின்பற்றிய குழந்தைகள், நற்கருணை அப்பத்திற்கும் இரசத்திற்கும் வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் தாங்களே பயிரிட்டனர்.

சர்வாதிகாரி முசோலினியின் போக்குக்கு அவர் இணங்கவில்லை. 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் பங்கேற்றனர். வேறு நம்பிக்கை கொண்ட சபையின் இல்லத்தில் தங்கியதால் அவரை ஐயத்தோடு பார்த்த கத்தோலிக்கரும் உண்டு. அவரோ இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசுக்குத் தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆயினர். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். தாயின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி மாரியோ விடுவிக்கப்பட்டாலும், கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. அந்தக் கட்டுப்பாட்டுக் காலமே கனி தந்த காலமாயிற்று.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். மலைச்சரிவின் செடிகளும் பூச்சிகளும் குளத்து உயிர்களுமே அங்கே பாடநூல்கள். மாரியோவும் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் உடன் உழைக்க, தொடக்கப்பள்ளி வயதினருக்கான உயிரியல் பாடங்கள் உருவாயின. முதலில் உயிருள்ள செடி, பிறகு அதன் படம், அதன் பிறகே பெயர் என்பது வரிசை. விலங்கைக் காணும் குழந்தை, அது எப்படி உண்கிறது, நகர்கிறது, மூச்சுவிடுகிறது, குஞ்சுகளைக் காக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். பயிற்சி பெறும் ஆசிரியர்கள் படங்களையும் அட்டைகளையும் தங்கள் கையாலேயே தயாரித்தனர். குறுக்கிடாமல் குழந்தையை நெடுநேரம் கவனித்திருக்கவும் பழகினர். வகுப்பில் கற்பிக்கும் முன் ஆசிரியரின் கண்ணும் மனமும் பக்குவப்பட வேண்டும் என்பது அம்மையாரின் உறுதியான எண்ணம். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர்.

அவர் விரும்பிச் சொன்ன பாடங்களுள் ஒன்று நம் கடலுக்கு மிக நெருக்கமானது. குருவும் நிலவியல் அறிஞருமான அந்தோனியோ ஸ்தோப்பானியின் எழுத்துகள் அவரை ஆழமாகத் தொட்டிருந்தன. ஆறுகள் கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பைப் பவள உயிர்களும் சிப்பிகளும் எடுத்துத் தங்கள் கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. அதனால் கடல்நீரின் சமநிலை காக்கப்படுகிறது. சிற்றுயிரும் தன் உணவைத் தேடும்போதே, தான் அறியாமல் உலகுக்கு ஒரு பணி செய்கிறது என்று அவர் விளக்கினார்.

அந்தப் பணி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் நடக்கிறது. ஆனால் நாம் அந்தப் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் என்று பல காலம் வெட்டி எடுத்தோம். தூத்துக்குடிக்கு எதிரிலுள்ள வான் தீவு கடலரிப்பால் சுருங்கியதையும் கண்டோம். பவளம் கல்லல்ல, உயிர் என்று சிறுவயதிலேயே கண்டறிந்த தலைமுறை அதன்மீது கடப்பாரையை வைக்கத் தயங்கியிருக்கும் அல்லவா?

மாண்டிசோரி அம்மையார் 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கொள்கிறார்.

அன்பார்ந்தவர்களே, உள்நாட்டிலிருந்து நம் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியை கடலை அறியாதவராக இருக்கலாம். அது அவர் குற்றமன்று. கரையில் ஒதுங்கிய வெற்று ஓடுகளையும் சங்குகளையும் அவர் மேசையில் வைப்போம். சங்கு குளிக்கும் ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்துச் செல்வோம். ஆசிரியர் கற்கும் இடத்தில்தான் குழந்தையின் பாடமும் தொடங்குகிறது. இறைவன் நம் கரையில் வைத்த படைப்பை அறியாமல் நம் பிள்ளைகள் வளர்ந்தால், அந்தப் பொறுப்பு யாருடையது?