பார்வையை அளந்த பேராசிரியர் டாண்டர்ஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கண் மருத்துவமனைச் சுவரில் ஓர் அட்டை தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே வரும். அதற்கு ஸ்னெல்லன் அட்டை என்று பெயர். அந்த ஸ்னெல்லனுக்கு ஆசானாக இருந்து, கண்ணின் குறையை எண்ணால் அளக்க முடியும் என்று மெய்ப்பித்தவர் டாண்டர்ஸ். ஒளியியல் வகுப்பில் லென்சின் திறனைக் கணக்கிடும் நாம் அவருடைய வரலாற்றையும் அறிந்திருப்பது நலம் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிரான்சிஸ்கஸ் கொர்னேலிஸ் டாண்டர்ஸ் 1818ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் டில்பர்க் நகரில் பிறந்தார். எட்டுப் பெண்களுக்குப் பின் பிறந்த ஒரே ஆண் குழந்தை. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயே வளர்த்து ஆளாக்கினார். சிறு வயதிலேயே தம்மினும் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் படிப்புச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டினார். 1835இல் யூட்ரெக்ட் நகரின் இராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். சில காலம் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பின், 1842இல் அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

ஆசிரியர் சம்பளம் போதவில்லை. வருவாய்க்காக, ஜெர்மன் மொழியில் இருந்த கண் மருத்துவ நூல் ஒன்றை டச்சு மொழியில் பெயர்த்தார். பணத்தேவைக்காக ஏற்ற அந்த வேலைதான் அவரைக் கண்ணின் பக்கம் திருப்பியது. 1858இல் ஏழை எளியவர்களுக்கென்றே யூட்ரெக்டில் ஒரு கண் மருத்துவமனையை நிறுவினார்.

அக்காலத்தில் மூக்குக்கண்ணாடி புதுமையான பொருளன்று. ஆயினும் கண்ணாடி கண்ணைக் கெடுக்கும் என்று அஞ்சிய மருத்துவர்கள் பலர். சிறிது நேரம் படித்தாலோ தைத்தாலோ கண் வலிக்கிறது என்று வந்தவர்களிடம், அந்தத் தொழிலையே விட்டுவிடுங்கள் என்றார்கள். தூரப்பார்வைக் குறையையும் வயதானால் வரும் வெள்ளெழுத்தையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்பினார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் டாண்டர்ஸ். கண்கோளம் நீண்டிருந்தால் பிம்பம் விழித்திரைக்கு முன்னே விழும், அது கிட்டப்பார்வை. குறுகியிருந்தால் பிம்பம் பின்னே விழும், அது தூரப்பார்வை. வெள்ளெழுத்தோ கண்ணின் லென்சு வளைந்துகொடுக்கும் ஆற்றல் வயதால் குறைவது, அது வேறு. இவற்றைத் தனித்தனியே பிரித்து, குழிலென்சு யாருக்கு, குவிலென்சு யாருக்கு, உருளை லென்சு யாருக்கு என்று வகுத்துக் காட்டினார். குழந்தைகளின் கண் தன்னை அறியாமலே முயன்று குறையை மறைத்துவிடும். அட்ரோபின் மருந்திட்டு அந்த முயற்சியைத் தளர்த்தி அளந்தால் மறைந்த குறை வெளிப்படும் என்றும் காட்டினார். இம்முறையில் சொட்டு மருந்திட்டுக் குழந்தைகளின் கண்ணை அளப்பது இன்றும் உண்டு. அவருடைய பெருநூல் 1864இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அவருடைய மாணவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் எழுத்து அட்டையை வெளியிட்டார். இயல்பான கண் 6 மீட்டர் தொலைவில் படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர். அந்த எழுத்து கண்ணில் 5 நிமிடக் கோணத்தை உண்டாக்கும். இதைச் சரிபார்க்க நம் முதலாண்டுக் கணக்கே போதும்.

அளவுகோல் கிடைத்ததும் பள்ளிகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. பிரெஸ்லாவ் நகர மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 மாணவர்களைச் சோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இருந்த கிட்டப்பார்வை, உயர்நிலைப் பள்ளிகளில் நூற்றுக்கு 26 பேருக்கு இருந்தது. வகுப்பு ஏற ஏற அதுவும் ஏறியது.

இதில் ஆரணிக்கு என்ன செய்தி? நான் பட்டுத் தறி ஓடும் வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். அறுந்த பட்டிழையை எல்லோருக்கும் முன்னே கண்டுபிடித்து முடிபோடுவான். பள்ளியிலோ கரும்பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாக எழுதுவான். தறியில் கெட்டிக்காரன், படிப்பில் மக்கு என்று பெயர் வாங்கி, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பிறகு ஒரு முகாமில் சோதித்தபோது அவனுக்கு 2 டயாப்டர் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. 2 டயாப்டர் என்றால் 50 சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் மங்கும். தறியில் இழை அந்த எல்லைக்குள் இருந்தது. கரும்பலகை அதற்கு வெளியே இருந்தது. கண்ணாடி கிடைத்தது, விட்டுப்போன படிப்பு திரும்பவில்லை. கிட்டத்து வேலையில் திறமை காட்டும் பிள்ளையின் கண்ணை நம் ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை. பிள்ளைக்கும் தெரியாது, எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்றே நினைத்திருக்கும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. டாண்டர்ஸ் காலத்து மருத்துவர்களின் அச்சமே இது. பவர் ஏறுவது வளரும் வயதில் கண்கோளம் நீள்வதால். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் 3 டயாப்டர் வரை கூடும். ஆகையால் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் விளையாடுவதும் நல்லது. சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட சிறுவர்களிடையே, மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியவர்கள் 30 விழுக்காடு. மற்றவர்களிடையே 39 விழுக்காட்டுக்கும் மேல். இந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது.

டாண்டர்ஸ் தாம் நிறுவிய மருத்துவமனையின் தலைமையை 1884இல் ஸ்னெல்லனிடம் ஒப்படைத்தார். 1889ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் யூட்ரெக்டில் மறைந்தார். அட்டையில் மாணவரின் பெயர் நிலைத்தது; அதன் பின்னே ஆசானின் உழைப்பு நிற்கிறது.

நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது ஓர் எழுத்து அட்டையும் 6 மீட்டர் கயிறும் எடுத்துச் செல்வோம். லென்சு எண்ணைக் குறிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நாம் அதைச் செய்யலாகாது. ஆனால் ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் படிக்கச் சொல்லி, தடுமாறும் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு, பெற்றோரையும் உடன் அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.